ஊர் மாற்றிக் கட்டிய கோழிகள்

மரியபுஷ்பத்துக்குக் கோழியிடம் அருவருப்பு கிடையாது. வாலைத் தூக்கி, பின்பக்கத்து மயிரை விலக்கி, தோலோடு ஒட்டிக் கிடக்கும் பேனைச் சாம்பலும் வேப்பெண்ணெயும் வைத்துத் தேய்ப்பாள். காய்ந்து அப்பிய எச்சத்தை வெந்நீரில் ஊறவைத்து நகத்தால் சுரண்டுவாள். சொறி பிடித்த காலுக்கு மண்ணெண்ணெய் தடவி, பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் செதில் செதிலாகத் தேய்த்தெடுப்பாள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, அதே கையால் களியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். அவளுடைய அருவருப்பெல்லாம் மனுசர் மேல்தான். அதிலும் நல்ல மனுசர் மேல் கொஞ்சம் கூடுதல்.

அவளுக்கு வாய்த்த நல்ல மனுசர் அவள் புருசன் பாக்கியநாதன்.

நாகலூர் எஸ்டேட்டில் அவனுக்கு மிளகு பறிக்கிற வேலை. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாத்தி ஏறினால் சாயங்காலம்தான் தரையைத் தொடுவான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் 'முடியாது' என்ற சொல் மட்டும் அவன் வாயில் முளைக்கவே இல்லை. குடை கேட்டவனுக்குக் குடையைக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்து வருவான். மரியபுஷ்பத்தின் ஆட்டுக்கல் குழவி இரண்டு வருசமாக யார் வீட்டில் கிடக்கிறது என்றே தெரியவில்லை. "பாக்கியநாதனா? தங்கமான மனுசன்" என்று எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடு முழுக்கச் சொல்லும். அந்தத் தங்கத்தை உரசிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில், இருப்பதையெல்லாம் ஊருக்கு அள்ளிக் கொடுக்க அவனுக்குத் தடையும் இல்லை.

எண்பத்தாறாம் வருசம், மாசி மாசம். காப்பிப் பழம் பறித்து முடிந்து, களத்தில் காப்பிக்குப் பதில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவளிடம் பன்னிரண்டு பெட்டையும் இரண்டு சேவலும் இருந்தன. அந்தப் பதினாலும் கர்நாடகாவுக்குப் போக வேண்டியவை.

போன மே மாசம் மலர்க் கண்காட்சி பார்க்க சிக்மகளூர் எஸ்டேட்காரம்மா ஒருத்தர் நாகலூர் எஸ்டேட் பங்களாவுக்கு விருந்தாளியாக வந்திருந்தார். காலைப் பலகாரத்தோடு வைத்த முட்டையை உடைத்தபோது கரு செவ்வந்திப் பூ நிறத்தில் இருந்ததாம். யார் வீட்டுக் கோழி என்று கேட்டு, லைனுக்கே நடந்து வந்துவிட்டார். மரியபுஷ்பம் கோழிக்குக் கால் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கால் மணி நேரம் நின்று பார்த்தார். "எனக்குக் கோழியும் வேணும், கோழிக்காரியும் வேணும்" என்றார். சிக்மகளூரில் அவர் பங்களாக் கோழிப் பண்ணை அவள் பொறுப்பு. தண்ணீர்க் குழாயோடு தனி வீடு. சம்பளம் அவள் பேரில். புருசனுக்கும் தோட்டத்தில் வேலை உண்டு. அந்த 'அவள் பேரில்' என்பதை மரியபுஷ்பம் பத்து மாசமாக வாயில் போட்டுக் கற்கண்டு மாதிரி சப்பிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருசம் எஸ்டேட் வேலை பார்த்தும் 'பாக்கியநாதன் சம்சாரம்' என்றுதான் கணக்கெழுதும் ரைட்டர் அவளைக் கூப்பிட்டான்.

நாற்று ஏற்ற அந்த எஸ்டேட் லாரி வருகிறது, அதிலேயே வந்துவிடலாம் என்று கடிதம் வந்தது. எல்லை தாண்ட டாக்டர் கடுதாசி வேண்டும் என்றும் எழுதியிருந்தது. டவுனுக்குப் போய் மாட்டு டாக்டரைக் கெஞ்சிக் கூட்டி வந்தாள். அவர் பதினாலுக்கும் இறக்கைக்கு அடியில் ஊசி போட்டார்.

"இந்த ஊசி பிடிக்கறதுக்கு ரெண்டு வாரம் ஆகும்மா. இருபத்தொரு நாள் வெளிக் கோழி ஒண்ணும் இதுங்க பக்கத்துல வரக்கூடாது. வேற கோழியைத் தொட்ட கை, வேற கோழி மேல நடந்த செருப்பு, அதுகூட ஆகாது. இருபத்தொண்ணாம் நாள் வந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"சரிங்க சார். காக்கா எச்சங்கூட உழாம பாத்துக்கறனுங்க."

சொன்னபடி செய்தாள். பட்டிக்கு மேலே வலை கட்டினாள். வாசலில் சுண்ணாம்பு கொட்டி, அதில் மிதித்துத்தான் உள்ளே போனாள். கூடை முடையும் பெரியசாமியிடம் சொல்லி, அடி தட்டையாக நாலு மூங்கில் கூடை பின்னி வாங்கினாள். லாரியில் மிரளக் கூடாது என்று தினம் ஒரு மணி நேரம் கோழிகளைக் கூடைக்குள் அடைத்துப் பழக்கினாள். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள், "மக்கமாருக்குக் கண்ணாலம் பண்ணி அனுப்பறவகூட இத்தன பாக்க மாட்டா" என்று சிரித்தாள்.

ஊசி போட்ட நாலாம் நாள் கரடியூரிலிருந்து பாக்கியநாதனின் தங்கை ஜெயகுமாரி வந்து சேர்ந்தாள். இரண்டு கையிலும் ஒயர் கூடை. கூடைக்கு மூன்று கொண்டை வெளியே தெரிந்தது.

மரியபுஷ்பத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. மலையில் அது ஒரு வழக்கம். ஊரில் கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் கண்டால், நிற்கிற கோழிகளை வாரிக்கொண்டு போய், சீக்கு இல்லாத ஊரில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுவார்கள். ஊர் மாற்றிக் கட்டுவது என்று அதற்குப் பேர். வாங்குகிறவர் "சீக்கா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் சாபம் விட்ட கணக்கு. கூடைக்குள் கைவிட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமா இருக்குதே" என்று சொல்ல வேண்டும். இப்படி மரியாதையோடு கை மாறிக் கை மாறித்தான் அந்தச் சீக்கு மலை பூராவும் சுற்றி வரும்.

"அண்ணி, ஆறே உருப்படிங்க. எங்க தெக்கு வீதியில சீக்கு வந்திருச்சு. எங்க ஊட்டுக் கோழிக்கு ஒண்ணுமில்லீங்க. ஒரு மாசம் இங்க கட்டிட்டு, அடங்கினதும் வந்து புடிச்சுக்கறனுங்க."

"அங்கயே நில்லு ஜெயா. படி ஏறாத."

"என்னங்க அண்ணி?"

"கூடையில இருக்கறது சீக்குக் கோழியா?"

கேட்டேவிட்டாள். ஜெயகுமாரியின் முகம் சுருங்கியது. பாக்கியநாதன் யாரோ தன்னை அறைந்துவிட்ட மாதிரி நின்றான்.

"அப்படிக் கேக்கலாமா புள்ள..."

"ஏனுங்க, டாக்டர் சொன்னப்ப நீங்களுந்தான நின்னீங்க? இருபத்தொரு நாளு. அப்பறம் ஆறு என்ன, அறுவது கொண்டாரட்டும்."

"அப்பறம் நீங்கதான் சிக்மகளூர்ல இருப்பீங்களே அண்ணி" என்று ஜெயகுமாரி மூக்கை உறிஞ்சினாள். "எங்கண்ணன் ஊட்டுல எனக்கு எடமில்லீன்னு சொல்லுங்க, போறேன். சோத்துக்கு வந்தவளா நானு?"

"சோறு தின்னுட்டுப் போ கண்ணு. கோழிதான் வேண்டாங்கறன்."

"உங்க சோறும் வேண்டாங்க."

கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "பஸ் ஏத்தி உட்டுட்டு வாரேன்" என்று பாக்கியநாதன் பின்னாலேயே போனான். திரும்பி வர இருட்டிவிட்டது. முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. தங்கையைச் சமாதானப்படுத்தியிருப்பான் என்று நினைத்தாள். மனசு லேசானது. அன்றைக்கு அவனுக்கு ஒரு கரண்டி கருவாட்டுக் குழம்பு கூடவே ஊற்றினாள். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு கசந்தது.

பத்தாம் நாள் காலை, கறுப்புப் பெட்டை ஒன்று இரைக்கு வராமல் மூலையில் கண்ணை மூடி நின்றது. பின்னால் சுண்ணாம்பும் பச்சையும் கலந்து கழிந்திருந்தது. மரியபுஷ்பம் அதைத் தூக்கினாள். வாயிலிருந்து கோழையாக நூல் வடிந்தது. மத்தியானத்துக்குள் கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது.

எங்கிருந்து வந்தது? வலையைத் தடவிப் பார்த்தாள், கிழிசல் இல்லை. சுண்ணாம்பு அப்படியே இருந்தது. கம்பு டப்பாவைத் திறந்தாள். பதினாலு கோழி தின்கிற அளவு அவளுக்குக் கண்ணிலேயே தெரியும். டப்பா பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அப்போதுதான் கொடியில் கிடந்த பாக்கியநாதனின் காக்கிச் சட்டை கண்ணில் பட்டது. தோளில் வெள்ளையும் பச்சையுமாக ஒரு கறை. கோழி உட்கார்ந்து கழிந்த கறை. அவள் கோழி எதுவும் அவன் தோளில் ஏறாது.

மறுநாள் விடிந்ததும் அவன் பின்னாலேயே போனாள். ஓடைக்கு மேலே, புது மெஷின் வந்தபின் பூட்டிப்போட்ட, காப்பிப் பழத்தின் தோலுரிக்கிற பழைய பல்ப்பர் ஷெட். கதவைத் தள்ளினாள். அழுகின காப்பித் தோலோடு இன்னொரு நாற்றமும் சேர்ந்து மூக்கில் அடித்தது. தொட்டித் திட்டில் ஜெயகுமாரியின் இரண்டு கோழிகள் உட்கார்ந்திருந்தன. கீழே கோணிச் சாக்கில் நாலு கோழிகள் கால் விறைத்துக் கிடந்தன. பாக்கியநாதன் திட்டோரம் குந்தி உட்கார்ந்து, உயிரோடு இருந்த இரண்டில் ஒன்றின் வாயைப் பிளந்து சின்ன வெங்காயம் ஊட்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு வாஞ்சையாக ஊட்டினான் என்கிறீர்கள்! பெற்ற தாய் தோற்றாள்.

"ஏனுங்க" என்றாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். கையில் பச்சைக் கோழை.

"புள்ள... அவ அழுதுட்டே போனா. எப்படிப் புள்ள அனுப்பறது? கூடப் பொறந்தவ. இங்கதான தூரமா வெச்சிருக்கறன். நம்ம பட்டிக்கும் இதுக்கும் கால் மைலு."

"தெனமும் இங்க வந்து தீனி போட்டீங்களா?"

"பின்ன, பட்டினியா போடறது?"

"அந்தக் கையோடதான் வந்து நம்ம கோழிக்கும் தண்ணி ஊத்துனீங்களா?"

அவன் கையைப் பார்த்தான். வேட்டியில் துடைத்தான். "உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதான்..."

மரியபுஷ்பத்துக்குக் குமட்டியது. நாற்றத்துக்கு இல்லை. இந்த மனுசன் திருடியிருந்தால், குடித்திருந்தால், இன்னொருத்தி வீட்டுக்குப் போயிருந்தால் வாய்விட்டுத் திட்டியிருப்பாள். இவனை எந்தச் சொல்லால் திட்டுவது? ஒத்தாசை பண்ணியிருக்கிறான். ஓடைக்குப் போய் மூன்று முறை முகம் கழுவினாள். வழவழப்பு போகாத மாதிரியே இருந்தது.

அடுத்த ஆறு நாளில் ஒன்பது செத்தன. மிளகும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தாள். பலிக்கவில்லை. மூச்சுக்கு வாய் பிளந்து, கால் இழுத்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. சாகிறதற்கு முன்னாலேயே அறுத்துவிட வேண்டும், செத்தால் வீணாய்ப் போகும் என்று லைனில் எல்லோரும் அரிவாளோடு வந்துவிட்டார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, மாமிசம் தொடக் கூடாத நாள். லைன் பூராவும் கோழிக் குழம்பு மணத்தது. கோயிலுக்குப் போய்ச் சிலுவைப் பாதை முடித்து வந்தவளை அந்த மணம்தான் வாசலில் வரவேற்றது. உள்ளே பாக்கியநாதன் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"கிருஷ்ணம்மா ஆக்கிக் குடுத்துச்சு. வேண்டாங்கறது எப்படி? உனக்கும் ஈரல் எடுத்து வெச்சிருக்கறன். ஆண்டவர் மன்னிப்பாரு, உக்காரு."

"எந்தக் கோழிங்க?"

"அந்தச் செம்பொறைதான். நல்ல கொழுப்பு."

செம்பொறைதான் சிக்மகளூர் அம்மா உடைத்துப் பார்த்த முட்டையை இட்ட கோழி. அவன் தொடை எலும்பின் முனையைக் கடித்து, உள்ளே இருந்ததை 'உர்ர்' என்று உறிஞ்சினான். விரலில் வழிந்ததை நக்கினான். பத்து மாசக் கனவை மென்று முழுங்குகிறோம் என்ற நினைப்புக்கூட அவன் முகத்தில் இல்லை. அவள் கொல்லைக்குப் போய், காலையில் தின்ற களியையெல்லாம் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைக்கச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தான் அவன். நல்ல மனுசன்.

இருபதாம் நாள் மிச்சம் ஐந்து கோழி. பாக்கியநாதன் எங்கோ போய் ஒன்பது கோழியைச் சேர்த்துக்கொண்டு வந்தான். இரண்டு ஜெயகுமாரியுடையது, பிழைத்துக்கொண்டது. மற்றவை லைனில் கேட்டு வாங்கியவை.

"எல்லாரும் குடுத்தாங்க புள்ள. நம்ம மேல அத்தன பிரியம். பதினாலு ஆச்சு. டாக்டரு எண்ணிப் பாப்பாரு, அவ்வளவுதான. கோழி நெத்தியில பேரா எழுதியிருக்குது?"

"இதுங்களக் கொண்டுபோயி அந்தம்மா பண்ணையில உடறதா? அங்க இருநூறு கோழி நிக்குதுங்க."

"போய்ச் சேந்தப்பறம் என்னமோ ஆவுது. வழியில புடிச்சுதுன்னு சொன்னா முடிஞ்சுது. உன் வேல போவக் கூடாதுன்னுதான நானு வீதி வீதியா கை ஏந்திட்டு வாரேன்."

"மனுசன் பண்ற வேலையா இது?"

அப்போதுதான் அவன் சொன்னான். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாக.

"போன வருசம் நீ பண்ணலியா புள்ள? மாரமங்கலத்துல உங்கக்கா ஊட்டுல கொண்டுபோயி உட்டியே."

நெசம்தான். போன வருசம் நாகலூரில் சீக்கு வந்தபோது, மரியபுஷ்பம் எட்டுக் கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு மாரமங்கலம் போனாள். அக்கா சாந்தாமேரி, "சீக்கா?" என்று கேட்கவில்லை. கைவிட்டு ஒன்றைத் தூக்கி, "நல்ல கனமா இருக்குது பாப்பா" என்றாள். அந்த ஒன்றுக்கு அன்றைக்கே கண் சொருகியிருந்தது. இவளுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரிந்திருக்கும். அக்காவின் முப்பது கோழியும் பத்தே நாளில் போயின. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கூடையைச் சுத்தமாகக் கழுவி, அதில் நாலு சௌசௌ போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். அந்தச் சௌசௌவைக் கூட்டு வைத்துச் சாப்பிட்டவள்தான் இவள். அவன் எலும்பு உறிஞ்சியதைப் பார்த்து வாந்தி எடுத்தவளும் இவள்தான். தன் கையைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அந்தக் கை அவளுக்கே பிடிக்கவில்லை.

இருபத்தொண்ணாம் நாள் டாக்டர் வந்தார். பையிலிருந்து படிவத்தை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். "பதினாலும் சௌகரியந்தானேம்மா?"

"நொம்ப நல்லாருக்குதுங்க சார்" என்று பாக்கியநாதன் முந்திக்கொண்டான். "காப்பி குடிக்கறீங்களா சார்?"

"சார், அவரு சொல்றது பொய்யிங்க" என்றாள் மரியபுஷ்பம். "நாலாம் நாளே சீக்குக் கோழி தொட்ட கை இங்க வந்திருச்சுங்க. ஒம்பது போயிருச்சு. இந்தா, கால்ல நானு கறுப்பு நூலு கட்டி வெச்சிருக்கற அஞ்சுதான் நீங்க ஊசி போட்டது. மத்தது ஊருக் கோழிங்க."

டாக்டர் பேனாவை மூடினார். வெகுநேரம் ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, கண்ணையும் வாயையும் பார்த்தார்.

"ஊசி பிடிச்சுப் பிழைச்சிருக்கு. ஆனா உள்ள நோய் இருக்கலாம்மா. எல்லை தாண்டக் கூடாது. நான் கையெழுத்துப் போட முடியாது."

'முடியாது.' அந்தச் சொல்லை ஒரு ஆம்பிளை வாயிலிருந்து கேட்டு எத்தனை வருசமாகிவிட்டது! அவளுக்கு அழுகை வந்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது.

"நாங்க போலாங்களா சார்?"

"என்னது?"

"கோழி போவக் கூடாதுன்னீங்க. மனுசரு?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "போகலாம். வெந்நீர்ல தலையோட குளிச்சு, துவைச்ச துணி கட்டிட்டுப் போ. நகத்தை ஒட்ட வெட்டு. இந்தப் பட்டியில மிதிச்ச செருப்பு மட்டும் வேண்டாம்."

மறுநாள் லாரி வந்தது. நாற்றுக் கூடைகளை ஏற்றி முடிக்க மத்தியானமாகிவிட்டது. அதற்குள் மரியபுஷ்பம் இரண்டு அண்டா வெந்நீர் போட்டுக் குளித்தாள். கோழியின் காலைத் தேய்த்த அதே மாதிரி, தன் காலைச் சொரசொரப்புக் கல்லால் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். பிளேடால் நகத்தை ஒட்ட எடுத்தாள். ஈஸ்டருக்கு எடுத்து வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு, தகரப் பெட்டியோடு வெறுங்காலில் படி இறங்கினாள்.

"கோழியே இல்லாம நீ எதுக்குப் புள்ள போவணும்?" என்றான் பாக்கியநாதன். அவன் கக்கத்தில் ஜெயகுமாரியின் கோழி இரண்டும் இருந்தன. கரடியூரில் சீக்கு அடங்கிவிட்டதாம், கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"கோழி, கோழிக்காரின்னு அந்தம்மா ரெண்டு கேட்டாங்க. ஒண்ணுதான் இல்ல. நடந்தத அப்பிடியே சொல்றனுங்க. வேல குடுத்தா இருக்கறன், இல்லீன்னா மாரமங்கலம் போயி எங்கக்கா கால்ல உழறன்."

"நானு?"

"நீங்க இங்க எல்லாருக்கும் வேணுமில்லீங்க."

லாரியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பி இருபது அடி போயிருக்கும். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று பின்னால் சத்தம். கோழிகளைப் போட்டுவிட்டு பாக்கியநாதன் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. கையில் அவளுடைய செருப்பு. அடியில் காய்ந்து அப்பியிருந்த பச்சையும் வெள்ளையும் அவள் உட்கார்ந்த இடத்துக்கே தெரிந்தது.

"செருப்ப மறந்துட்டியே புள்ள... கல்லு குத்துமே..."

ஜன்னல் வழியாக நீட்டினான். அவன் கண்ணில் நெசமாகவே தண்ணீர் நின்றது. மரியபுஷ்பம் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றினாள், கடைசி வரைக்கும்.

"எடுங்கண்ணா, போலாம்."

கொண்டை ஊசி வளைவு திரும்புகிறவரை அவன் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றது லாரியின் பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. டிரைவர் ஓசூர்ப் பக்கத்துக்காரன், இளகிப்போயிருந்தான்.

"தங்கமான மனுசரா இருக்காரேம்மா உங்க வீட்டுக்காரரு."

"ஆமாங்க" என்றாள் மரியபுஷ்பம். "நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."